ஓலைக் கொட்டகையில் மைனிங் ரிக் வேண்டாம்

கேள்வி: அண்ணே, கணினியை ஓட்டி டிஜிட்டல் நாணயம் ஈட்டும் கிரிப்டோ மைனிங்குக்கு ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு ஆறு செகண்ட்ஹேண்டில் வருகிறது. கடலை ஒட்டிய வீடு. மாடி ஓலைக் கொட்டகையில் வைக்கலாமா, இல்லை மைனிங்குக்கென்றே செய்த ஏசிக் மெஷினே வாங்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: தம்பி, அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கார்டுகளை அன்று அள்ளியது எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காக. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டுவிட்டது.

ஓலைக் கொட்டகை என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. மண்டபத்தில் என் சர்வீஸ் கடைக்கு கடலோரத்தில் இப்படிப் பல கார்டுகளை மாட்டி ஓட்டிய ஒரு ரிக் வந்தது. ஒரு கச்சான் காற்றுக் காலம்தான் ஓடியது. ஹீட்சிங்க் தகடுகளில் உப்பு பூத்து, செம்புக் குழாய் பச்சையாகிக் கிடந்தது. அதைவிடப் பயங்கரம், ரைசருக்கு (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புப் பலகை) ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா வயரில் கரன்ட் கொடுத்திருந்தார்கள். அந்த கனெக்டர் தாங்குவது 54 வாட். ரைசர் 75 வாட் வரை இழுக்கும். பிளாஸ்டிக் உருகி, கருகி, உலோகப் பின்னோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே ஓலை இருந்திருந்தால்?

ஏசிக்கும் வீட்டுக்கு ஆகாது. எஸ்19 புரோ என்ற ஏசிக் மாடல் இழுப்பது 3,250 வாட், அதாவது ஒரு நாளைக்கு 78 யூனிட். இரவெல்லாம் இரைச்சல் வேறு. 2024 ஏப்ரலில் அது எடுக்கும் பிட்காயினில் ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) கிடைக்கும் பரிசும் 3.125 பிட்காயினாகப் பாதியானது. விற்ற லாபத்தில் 30 சதவீதம் வரி; கரன்ட் பில்லைக் கழிக்க முடியாது.

கற்றுக்கொள்ளத்தான் ஆசையென்றால் ஒரே ஒரு கார்டு வாங்கி, கடற்காற்று புகாத அறையில், மதர்போர்டிலேயே நேராகச் செருகி ஓட்டுங்கள். பவர் சப்ளை மட்டும் புதிதாக, 80 பிளஸ் கோல்டு (மின்சிக்கனத் தரச்சான்று) பார்த்து வாங்குங்கள்.