தோட்டத்து ஊரில் பழைய எம்ஜிபியா, ஹுராகானா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு. 1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் கார்) ஒன்றும் 2015ஆம் ஆண்டு லம்போர்கினி ஹுராகான் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். விலை வித்தியாசம் தெரியும், அதைக் கேட்கவில்லை. இந்த ஊரில் வைத்து ஓட்ட எது சரி?

பதில்:

எம்ஜிபியை வாங்குங்கள். ஒரு நிபந்தனை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கையில் கறை படுவது உங்களுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்காதென்றால் பழைய காடி ஒத்துவராது. அதற்காக ஹுராகான் ஒத்துவரும் என்றும் நினைக்காதீர்கள்.

ஹுராகான் மட்டமான வண்டி இல்லை. அதன் 5.2 லிட்டர் வி10 எஞ்சின் உறுதியானது. நண்பகல் வெயிலில் ஏசி போட்டபடி ஈப்போ நெரிசலில் நிற்கும், எம்ஜிபி அதற்கு லாயக்கில்லை. ஆனால் உங்கள் ஊரில் எது கெடும், கெட்டால் சரிசெய்யத் தெரிந்தவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

முதலில் டயர். ஹுராகானுக்கு முன்னால் 245/30 ஆர்20, பின்னால் 305/30 ஆர்20. அப்படியென்றால் முன் டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 73 மி.மீ.தான். எம்ஜிபியின் 165 அளவு 14 அங்குல டயருக்கு அது 130 மி.மீ.க்கு மேல். குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்து வழியிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் இடங்களில் சாலையின் ஓரம் எப்படி உடைந்து கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பள்ளத்தில் 60 கி.மீ. வேகத்தில் இறங்கினால் எம்ஜிபியில் ஒரு குலுக்கலோடு போய்விடும். ஹுராகானில் ரிம் வளையலாம், அல்லது பக்கச்சுவரின் உள்நூல் அறுந்து வீக்கம் வரலாம். வீங்கிய டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதில் ஸ்பேர் டயரும் இல்லை. ஓட்டை அடைக்கும் திரவம் மிதிபரப்பில் குத்திய மட்டை முள்ளுக்கு உதவும், பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. அப்புறம் சாயும் மேடை உள்ள இழுவை லோரிக்குக் காத்திருக்க வேண்டும். தூக்கி இழுக்கும் சாதாரண லோரி ஆகாது.

தரை இடைவெளியில் எம்ஜிபியும் உயரமானதில்லை, இரண்டுமே ஏறக்குறைய 125 மி.மீ.தான். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. எம்ஜிபியில் முன் சக்கரத்துக்கு முன்னால் நீளும் பகுதி குட்டை. சாலை வேகத்தடையில் உரசினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாய்தான் உரசும், அதை ஊர்ப் பட்டறையிலேயே வெல்டிங் வைக்கலாம். ஹுராகானில் முன்மூக்கைத் தூக்கும் வசதி ஒரு கூடுதல் அம்சம், எல்லா வண்டியிலும் இருக்காது. அது இல்லாத ஹுராகானைத் தாமான் வேகத்தடைகள் உள்ள ஊருக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

வேகத்தைப் பற்றியும் யோசியுங்கள். ஹுராகான் 3.2 விநாடியில் நூறைத் தொடும். பிளஸ் நெடுஞ்சாலையில் வரம்பு 110. நுழைவுச் சரிவிலேயே அதன் இன்பம் முடிந்துவிடுகிறது, மிச்ச நேரமெல்லாம் அடக்கிப் பிடித்து ஓட்டுவதுதான். எம்ஜிபியின் 1,798 சிசி எஞ்சினுக்கு ஏறத்தாழ 95 குதிரைத்திறன். கோலகங்சாரிலிருந்து லெங்கோங் வழியாகக் கிரிக் போகும் சாலையில் எழுபது எண்பதில் போகும்போதே கியர், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் முழு வேலை இருக்கும். சட்டத்துக்குள் நின்று வண்டியின் முழு வலிமையையும் அனுபவிக்கலாம். என்னைக் கேட்டால் எம்ஜிபி பக்கம் நிற்கும் மிகப் பெரிய நியாயம் இதுதான்.

ஆனால் அதில் ஏபிஎஸ் இல்லை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பல வண்டிகளில் மிதியை இலகுவாக்கும் பிரேக் செர்வோவும் இல்லை. செம்பனை லோரிகள் போகும் வழியில் உதிரிப் பழங்கள் நசுங்கி எண்ணெய் படிந்திருக்கும். வெயில் நாட்களுக்குப் பிறகு வரும் முதல் மழையில் அந்த இடம் வழுக்கும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள், வளைவுக்குள் மிதிக்காதீர்கள். டயரில் இன்றைய கார்களுக்கு அடிப்பதுபோல 32 பிஎஸ்ஐ காற்று அடித்தால் பிடிப்பு போய்விடும். இந்த வண்டிக்கு இருபதுகளின் முன்பாதிதான் சரி, பின்னால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக.

அடுத்தது நிறுத்தும் இடம். தோட்டத்து ஊரில் பலர் கவனிக்காத ஆபத்து கொட்டகையில்தான் இருக்கிறது. உர மூட்டை இருக்கும் கொட்டகையில் இரண்டு வண்டியையும் நிறுத்தாதீர்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. ஈரக்காற்றில் அதன் தூசி படிந்தால் கடற்கரை உப்பைப் போல இரும்பைத் தின்னும். பால்மரம் வைத்திருப்பவர்கள் ரப்பர் பால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா இன்னொன்று, அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். எம்ஜிபியின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், கார்புரேட்டர் ஜெட் பித்தளை. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலமும் உலோகத்துக்கு எதிரி. மூன்றும் இல்லாத, காற்றோட்டமுள்ள, சிமெண்டுத் தரை போட்ட இடம் வேண்டும். மண்தரை என்றால் அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். முழுவதும் மூடும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்து லெதரில் பூஞ்சை பிடிக்கும்.

எலியும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லைக்காகவே கூகை ஆந்தை வளர்க்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எம்ஜிபியில் எலி ஒரு வயரைக் கடித்தால் வயரிங் வரைபடத்தையும் சோதனை விளக்கையும் வைத்து அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். ஹுராகானில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் கம்பி அது, ஒரு கடியில் ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் எரியும். கணினி இல்லாமல் தொடவே முடியாது.

சும்மா நிற்கும்போதும் ஹுராகான் மின்சாரம் குடிக்கும், சில வாரம் விட்டால் பேட்டரி இறங்கிவிடும். பராமரிப்புச் சார்ஜர் எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். நம் ஊர் இடி மின்னலில் அந்தச் சார்ஜரை மின்னெழுச்சித் தடுப்பான் இல்லாமல் சுவரில் மாட்டக் கூடாது. எம்ஜிபிக்கு பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைத்தால் போதும். 1970 வண்டியில் இருக்கைக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். பலர் ஒரே 12 வோல்ட்டாக மாற்றியிருப்பார்கள், அது நல்லதுதான். அந்தப் பேட்டரிப் பெட்டிகள் துருப்பிடித்து ஓட்டையாவது வழக்கம், பார்த்து வாங்குங்கள்.

இனி எம்ஜிபியின் பெரிய பிரச்சினை, சூடு. நம் வெயிலுக்கு இந்த வண்டி ஆகாது என்று பலர் சொல்வார்கள். ஒழுங்கான நிலையில் இருக்கும் எம்ஜிபி இங்கே சூடாகாமல் ஓடும். சூடானால் வரிசையாகப் பாருங்கள். ரேடியேட்டரின் முகத்தில் தொடாமல் அளக்கும் வெப்பமானியை ஓடவிட்டுக் குளிர்ந்த திட்டுகள் இருக்கின்றனவா என்று சோதியுங்கள். இருந்தால் உள்ளே அடைப்பு. நீரோடும் உள்பகுதியைப் புதிதாகப் போட வேண்டும், ரசாயனம் ஊற்றிக் கழுவுவது அரைகுறை வேலை. அடுத்து அழுத்த மூடி. அதன் ரப்பர் கெட்டிருந்தால் தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். அடுத்து இக்னிஷன் டைமிங், பின்தங்கியிருந்தால் எஞ்சின் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகக் கலந்தாலும் அப்படியே. இவை எல்லாம் சரியான பிறகுதான் மின்விசிறி வாங்கும் யோசனை. தெர்மோஸ்டாட் வழக்கமாக 82 டிகிரி, வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் போர்மேனைக் கேட்காதீர்கள், எஞ்சினுக்குள் நீரோட்டம் சமமாக இருக்காது. பனி இல்லாத நாடு என்பதற்காக வெறும் தண்ணீரும் ஊற்றாதீர்கள். கூலண்டில் துருத்தடுப்பு இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு கூலண்ட், மீதி காய்ச்சி வடித்த நீர்.

ஓட்டிவிட்டு வந்து பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி கிளப்பினால் திணறும். கோளாறு என்று பயப்பட வேண்டாம். எக்ஸாஸ்ட் சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது. கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே உள்ள வெப்பத் தகடு இருக்கிறதா, அதன் கல்நார் போர்வை பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கல்நாரைச் சுரண்டாமல் தகட்டையே மாற்றுங்கள். நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து விடுவதும் பலன் தரும். சாவி போட்டதும் பின்னால் டிக் டிக் என்ற சத்தம் வராவிட்டால் பெட்ரோல் பம்ப் நின்றிருக்கிறது. பின் வலது சக்கரத்துக்கு அருகே அடியில் இருக்கும் அதை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் ஓடும். வீடு சேர அது போதும். உள்ளே தொடுமுனைகள் தேய்ந்துவிட்டன, மாற்றுங்கள்.

இரட்டை எஸ்யு கார்புரேட்டரைக் கற்றுக்கொள்ள ஒரு காலை போதும். மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பிஸ்டன் தண்டின் உச்சிக்கு மேல் சுமார் 13 மி.மீ. வரை எண்ணெய் இருக்க வேண்டும், குறைந்தால் முடுக்கும்போது தடுமாறும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் கலவை செழிப்பு (பெட்ரோல் அதிகம்), உடனே இறங்கினால் வறட்சி (பெட்ரோல் குறைவு), லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ரப்பர் குழாய் வைத்துக் காதில் கேட்டு, உறிஞ்சும் சத்தம் ஒன்றுபோல வரும்வரை திருகுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.38 மி.மீ., பிளக் இடைவெளி 0.63 மி.மீ., இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. எஞ்சின் எண்ணெய் 20 டபிள்யூ 50, துத்தநாகம் போதிய அளவு உள்ளதாக, ஏறக்குறைய நாலரை லிட்டர். வால்வு இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் ஈயமில்லாப் பெட்ரோலில் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்கிறது என்று பொருள். ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கைகள் பொருத்த வேண்டியிருக்கும். விற்பவரிடம் இதை நேராகக் கேளுங்கள். ரோன் 97 ஊற்றுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள், இது தீ சம்பந்தப்பட்டது. பிரேக் திரவம் டாட் 4, நம் ஈரத்தில் ஆண்டுக்கு ஒரு முறை.

வாங்கும்போது எஞ்சினைவிட உடம்பைப் பாருங்கள். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதிதான் வண்டியைத் தாங்குகிறது. ஜாக்கி வைக்கும் இடத்தில் தூக்கிக் கதவின் இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி சுருங்கினாலோ கதவு இறுகினாலோ சில் உள்ளே அழுகியிருக்கிறது. வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிச் சக்கர வளைவுகளிலும் சில்லிலும் ஓட்டுங்கள், ஒட்டாத இடத்தில் பூசு மாவுதான் இருக்கிறது. செம்மண் சேறு சக்கர வளைவில் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், வாங்கிய பிறகு மழைநாள் ஓட்டத்துக்குப் பின் அங்கே குழாய்த் தண்ணீர் அடிப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மனம் ஹுராகானில்தான் என்றால், மூன்று விஷயம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பீங்கான் பிரேக் தட்டு என்றால் அதன் விளிம்பைச் சுற்றிலும் பாருங்கள். ஊர் டயர் கடையில் வழிகாட்டி ஊசி போடாமல் சக்கரத்தைக் கழற்றினால் ரிம் இடித்து விளிம்பு சிதறும், ஒரு தட்டின் விலையில் நல்ல சிறிய கார் வாங்கலாம். இரட்டைக் கிளட்சின் மிச்ச ஆயுளையும் எஞ்சின் பதிவுகளையும் கணினியில் படித்த அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ரோட் டேக்ஸ் தீபகற்பத்தில் எம்ஜிபிக்கு ஆண்டுக்கு 279 ரிங்கிட் 20 சென், ஹுராகானின் 5,204 சிசிக்கு 12,048 ரிங்கிட். இன்சூரன்சில் பழைய வண்டிக்குச் சந்தை மதிப்பு என்று எழுத விடாதீர்கள், படங்களும் மதிப்பீட்டு அறிக்கையும் கொடுத்து ஒப்புக்கொண்ட மதிப்பாக எழுதச் சொல்லுங்கள். பெயர் மாற்றத்துக்கு, வண்டியின் எண்களைச் சரிபார்க்கும் பி5 சோதனை உண்டு. ஐம்பது ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் எண், சேசி எண் இரண்டும் கிராண்டில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று முன்பணத்துக்கு முன்னால் நீங்களே டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள். பொருந்தாவிட்டால் விற்பவரே அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் சரிசெய்து வரட்டும், அதுவரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.