ஜாஸ் இசை எங்கிருந்து வந்தது என்று குழந்தைக்குச் சொல்ல நல்ல படப் புத்தகம் உண்டா?

அமெரிக்காவில் கறுப்பினத்தவரை வைத்திருந்த அடிமை முறையைத் தொடாமல் இதை ஏழு வயதுப் பையனுக்கு விளக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. ஆனால் அந்த வயதுக்குத் தாங்கும்படி சொல்லும் புத்தகம் ஒன்று இருக்கிறது: 'ஃப்ரீடம் இன் காங்கோ ஸ்கொயர்'. கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் எழுதி, ஆர். கிரிகரி கிறிஸ்டி படம் வரைந்து 2016-இல் வந்தது. மறு வருடம் படப் புத்தகங்களின் ஓவியத்துக்குத் தரும் அமெரிக்க விருதான கால்டெகாட் ஹானர் கிடைத்தது.

என் மகளுக்கு ஆறு வயதானபோது நூலகத்திலிருந்து எடுத்து வந்து, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். கதையில் அடிமைகள் திங்கட்கிழமை பன்றிக்குத் தீனி வைக்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும். ஞாயிறன்று அவர்கள் கூடி ஆடிப்பாடும் நியூ ஆர்லியன்ஸ் நகரத் திடலான காங்கோ ஸ்கொயருக்கு இன்னும் ஆறு நாள். செவ்வாய்க்கு வேறு வேலை, இன்னும் ஐந்து நாள். இப்படியே குறைந்துகொண்டு வரும். சாட்டையும் வரும், மறைக்கவில்லை. பாதியிலேயே மகள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை முழுசா லீவாப்பா?" என்று கேட்டாள். மதியத்துக்கு மேல்தான் என்றேன். கொஞ்ச நேரம் அவள் பேசவே இல்லை.

படங்களில் வேலை நாள் முழுக்க வளைந்த முதுகுகள். ஞாயிறு வந்ததும் அதே நெட்டை நெட்டை மனிதர்கள் நிமிர்கிறார்கள், கைகள் மேலே போகின்றன. அந்தப் பக்கத்தில் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பையன் கேள்வி கேட்பான், அதனால் பின்னணி கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா முதலில் பிரான்ஸின் கையில் இருந்தது. 1724-இல் அங்கே வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமை அடிமைகளை வேலை வாங்கக் கூடாது என்றது. பின்னாளில், 1817-இல், நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி, அடிமைகள் ஞாயிறுகளில் மட்டும், குறித்த இடத்தில் மட்டும் கூடலாம் என்று கட்டுப்படுத்தியது. அந்த இடம்தான் காங்கோ ஸ்கொயர். தெற்கு கரோலினாவில் 1740-லேயே முரசைத் தடை செய்துவிட்டார்கள். இங்கே அது வெளிப்படையாக ஒலித்தது. 1819-இல் பெஞ்சமின் லாட்ரோப் என்ற கட்டடக் கலைஞர் தற்செயலாக அந்தச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்: உருளை முரசின் மேல் கால் போட்டு உட்கார்ந்து கையாலும் விரலாலும் அடிக்கும் ஒரு கிழவர், சுரைக்குடுக்கையில் செய்த தந்தி வாத்தியம். அதை வரைந்தும் வைத்திருக்கிறார். பாஞ்சோ என்ற இன்றைய தந்தி வாத்தியத்தின் மூதாதையை அந்தப் படத்தில் பார்க்கலாம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். அந்தக் கூட்டங்கள் 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே ஓய்ந்துவிட்டன. ஜாஸ் உருவானது 1900-ஐ ஒட்டி. நடுவில் உள்ள அந்த இடைவெளியைப் புத்தகத்தின் கதை நிரப்பாது; பித்தளை ஊதுகுழல் பேண்டுகள், சர்ச் பாட்டு, ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவரின் பாட்டு வகை எல்லாவற்றையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வதைக் குறைத்து, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் இசையைப் போட்டுக் காட்டினேன். அதே நியூ ஆர்லியன்ஸில் 1901-இல் பிறந்தவர். காங்கோ ஸ்கொயர் இன்று அவர் பெயரிலுள்ள பூங்காவுக்குள்தான் இருக்கிறது.

அப்புறம், ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். இரண்டாம் தடவை நாங்கள் திங்கட்கிழமை தொடங்கி, அன்றன்றைய பக்கத்தை மட்டும் வாசித்தோம். சனிக்கிழமை ராத்திரி அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லி மகள் கெஞ்சினாள். நான் திருப்பவில்லை. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்த கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.