நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூடக் கரடி கிடைப்பதில்லையாம், போகலாமா?

கேள்வி: கொலராடோவில் ஆரோரா பக்கம் குடியிருக்கிறேன், எச்-1பி விசா. ஆபீஸ் நண்பர்கள் எல்க் (பெரிய வகை மான்) வேட்டைக்குப் போகும்போது கூடப் போய்ப் பழகிவிட்டேன். வருகிற செப்டம்பரில் சொந்த லைசென்ஸில் முதல்முறையாகக் கரடி வேட்டைக்குப் போக ஆசை. ஆனால் நான் பார்த்து வைத்திருக்கும் ஏரியாவில் நூறு பேர் போனால் ஐந்து பேருக்குக்கூடக் கரடி அமைவதில்லை என்று வனவிலங்குத் துறை அறிக்கை சொல்கிறது. வேறு இடம் தேடலாமா? எங்கிருந்து தொடங்குவது? கறியை நம்பிச் சாப்பிடலாமா என்று மனைவியும் கேட்கிறாள்.

பதில்: அவசரப்பட்டு இடத்தை மாற்றாதீர்கள். அந்தச் சதவீதம் எப்படி வருகிறது என்று முதலில் பாருங்கள். மான், எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் கரடி லைசென்ஸையும் சேர்த்து வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். வழியில் தட்டுப்பட்டால் சுடலாம், அவ்வளவுதான். கரடிக்காக ஒரு சாயங்காலம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்தால் சதவீதம் இறங்கத்தான் செய்யும். அப்புறம் சட்டம் இருக்கிறது. 1992-ல் நடந்த வாக்கெடுப்பில் கொலராடோ மக்கள் வசந்தகாலக் கரடி வேட்டை, தீனி போட்டு வரவழைப்பது, நாய்களை ஏவி விரட்டுவது மூன்றையும் தடை செய்துவிட்டார்கள். தீனி போட்டுக் காத்திருக்க அனுமதிக்கும் மெய்ன் மாநிலத்தோடு இந்த ஊர்க் கணக்கை ஒப்பிடவே முடியாது.

ஆகவே அந்த அறிக்கையில் சதவீதத்தை விட்டுவிட்டு, உங்கள் ஏரியாவில் மொத்தம் எத்தனை கரடி விழுந்தது என்ற எண்ணை நாலைந்து வருடத்துக்கு வரிசையாகப் பாருங்கள். வருடா வருடம் ஓரளவு சீராக விழுந்திருந்தால் அங்கே கரடி இருக்கிறது, தைரியமாகப் போங்கள். பல வருடம் ஒன்றுமே இல்லையென்றால் மட்டும் வேறு இடம் யோசிக்கலாம்.

அடுத்தது, என் மனதில் முதல் இடம் இதற்குத்தான்: நீங்கள் தேட வேண்டியது கரடியை இல்லை, அதன் சாப்பாட்டை. குளிர்கால உறக்கத்துக்கு முன்னால் கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். இருபது மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே இருக்கும். கொலராடோவில் அதற்கு முக்கியமான தீனி கேம்பல் ஓக் என்கிற குட்டை ஓக் புதரின் கொட்டை. கூடவே சோக்செர்ரி, சர்வீஸ்பெர்ரி போன்ற காட்டுப் பழங்கள். வசந்தத்தின் கடைசியில் ஓர் உறைபனி விழுந்து ஓக் பூ கருகிவிட்டால் அந்த வருடம் அந்தச் சரிவில் கொட்டை இருக்காது. கரடியும் ஓடைக்கரைக்கோ ஊர்ப்பக்கமோ இறங்கிவிடும். போன வருடம் ஒருவர் சுட்ட இடம் என்று நம்பிப் போய் உட்காருவதில் பலனில்லாமல் போவது இதனால்தான். ஆகஸ்டில் அந்தப் பகுதி வனவிலங்கு அதிகாரிக்குப் போன் செய்து, "இந்த வருஷம் ஓக் காய்ச்சிருக்கா? எந்த உயரத்தில்?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்; கேட்டால் சொல்வார்கள்.

பிறகு ஒரு சனி ஞாயிறு நீங்களே நடந்து பாருங்கள். பாதையில் கிடக்கும் கரடி விட்டையைக் குச்சியால் கிளறுங்கள். செர்ரி விதை மொத்தையாக இருந்தால் கரடி ஓடையோரம் மேய்கிறது. பழுப்பு நிறத்தில் ஓக் கொட்டை ஓடு நொறுங்கிக் கிடந்தால் மேட்டுக்கு ஏறிவிட்டது. பழம் பறிக்கக் கிளையை வளைத்து ஒடித்துப் போட்டிருக்கும். ஒடிந்த கிளையில் இலை இன்னும் பச்சையாக இருந்தால் அது சமீபத்தில்தான் வந்து போயிருக்கிறது. அப்படி ஒரு சரிவு கிடைத்துவிட்டால் அதை விட்டு நகராதீர்கள். முதல் நாள் ஒன்றும் காணோம் என்று மறுநாள் வேறு மலைக்கு ஓடுவதுதான் புதியவர்கள் வெறுங்கையோடு திரும்பப் பெரிய காரணம்.

அந்தச் சரிவுக்குள் நுழைய வேண்டாம். எதிர்ச்சரிவில் உட்கார்ந்து, பைனாகுலரை மூன்றுகால் ஸ்டாண்டில் பூட்டி, மதியம் மூன்று மணியிலிருந்து சட்டம் அனுமதிக்கும் கடைசி நிமிடம்வரை, அதாவது சூரியன் மறைந்து அரை மணி நேரம்வரை, துழாவுங்கள். ஓக் புதர் ஆளை மறைக்கும் உயரம். முழுக் கரடி தெரியாது. காற்றே இல்லாதபோது ஒரு புதர் மட்டும் ஆடும். அங்கேயே பார்வையை வையுங்கள். நெருங்கும்போது கரடியின் கண்ணைவிட மூக்குக்குப் பயப்படுங்கள். வெயில் ஏறியதும் காற்று மலை மேலே போகும். சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். அந்த மாற்றத்துக்கு முன்னால் உங்கள் வழியை முடிவு செய்துவிட வேண்டும்.

நிறத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கொலராடோக் கருங்கரடிகளில் பழுப்பும் செம்பழுப்பும் சகஜம். கிரிஸ்லி என்ற வேறு இனப் பழுப்புக் கரடி இந்த மாநிலத்தில் கடைசியாகக் கொல்லப்பட்டது 1979-ல், சான் வான் மலையில். கவனம் வேண்டியது குட்டி விஷயத்தில். குட்டியோடு இருக்கும் தாயையும் குட்டியையும் சுடக் கூடாது. தாய் மேயும்போது குட்டி பின்னால் புதரிலோ மரத்திலோ இருக்கலாம். பொறுமையாக, நிறைய நேரம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சுடாதீர்கள். பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். அடர்ந்த ரோமமும் கொழுப்பும் ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், தடம் பிடிப்பது கஷ்டம்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. துப்பாக்கியைக் கையில் எடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் அலட்சியம் காட்டினால் விசாவுக்கே ஆபத்து. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பும் கட்டாயம். செப்டம்பர் ரைஃபிள் சீசனுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே லைசென்ஸ் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கரடி விழுந்ததும் வாய்க்குள் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்துவிடுங்கள். தலையையும் தோலையும் உறைய வைக்காமல் ஐந்து நாளுக்குள் துறை அலுவலகத்தில் காட்ட வேண்டும். வயது கண்டுபிடிக்க ஒரு பல்லை எடுப்பார்கள். தாடை இறுகிவிட்டால் சிரமம்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. தாராளமாகச் சாப்பிடலாம், கறியை எடுத்துவராமல் காட்டில் விட்டுவருவதுதான் சட்டப்படி குற்றம். செப்டம்பர் வெயிலில் கொழுப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் உடனே தோலுரித்து, துண்டு போட்டு, நிழலில் ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். கரடிக் கறியில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2022-ல் ஒரு குடும்பம் 45 நாள் உறைய வைத்த கரடிக் கறியில் கபாப் செய்து சாப்பிட்டது. ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இரண்டு பேர் கறியைத் தொடவே இல்லை, கூட வெந்த காய்கறியைச் சாப்பிட்டவர்கள். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். நம் வீட்டுப் பக்குவத்தில் குக்கரில் நன்றாக வேகவிட்டு, அப்புறம் மிளகு போட்டு வறுத்தால் அந்தப் பயம் இல்லை. பச்சைக் கறியை வெட்டிய பலகையையும் கத்தியையும் மட்டும் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.