காந்தம் ஆராய்ந்தவர் மூளை போன்ற கணினிக்கு எப்படிப் போகிறார்?

காந்தவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் செயற்கை நியூரான் (மூளையின் நரம்பணுபோல் இயங்கும் கருவி) பக்கம் போவது தடம் மாறுவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அதே பாதையின் நீட்சிதான். பிரெஞ்சு இயற்பியலாளர் ஜூலி குரோலியேயைப் பாருங்கள்.

அவர் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் மாணவி. ஃபெர்ட் 1988-இல் கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை விளைவுதான் (காந்த அடுக்குகளின் திசையைப் பொறுத்து மின்தடை பெரிதும் மாறுவது) ஸ்பின்ட்ரானிக்ஸுக்கு, அதாவது எலக்ட்ரானின் ஸ்பின் என்னும் காந்தப் பண்பைப் பயன்படுத்தும் மின்னணுவியலுக்கு, வித்திட்டது. 2007-இல் நோபல் பரிசும் கிடைத்தது. குரோலியே முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அதன் மறுபக்கத்தை: எலக்ட்ரான்களின் ஸ்பினைக் கொண்டே காந்தத்தைத் திருப்புவது.

சுவாரசியமே இங்கேதான். தலைமுடியைவிட நூறு மடங்குக்கு மேல் குறுகலான ஒரு தூண். அதில் இரண்டு காந்த அடுக்குகள், நடுவே மெல்லிய மின்கடத்தாப் படலம். மின்னோட்டம் பாய்ந்தால் ஓர் அடுக்கின் காந்தமாக்கம் பம்பரம்போல் சுழன்றாடும். மின்னோட்டத்தைக் கூட்டினால் அந்த ஆட்டம் அதே விகிதத்தில் கூடாது. சற்றுமுன் வந்த தூண்டலின் தடயமும் கொஞ்ச நேரம் அதில் தங்கும். நேர்கோட்டில் அமையாத பதில், குறுகிய நினைவு: நியூரானிடம் நாம் எதிர்பார்ப்பது இதைத்தானே! 2017-இல் அவர் குழு இப்படி ஆடும் ஒரே ஒரு தூணை, அதாவது ஓர் அலையியற்றியை, காலப் பங்கீட்டில் (ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு நியூரானின் வேலையைச் செய்யவைத்து) 400 நியூரான்களாக இயக்கி, வாயால் சொன்ன இலக்கங்களை 99.6% வரை சரியாக அடையாளம் கண்டது. அடுத்த ஆண்டு நான்கு அலையியற்றிகள் உயிரொலிகளைப் பிரித்தறிந்தன.

ஆனால் 2017 சோதனையில் கடைசிக் கட்டத்து எடைகளை (எந்த நியூரானின் பதிலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று கற்றலில் அமையும் எண்களை) கணக்கிட்டது சாதாரணக் கணினிதான். கற்றலையும் காந்தத்துக்குள்ளேயே நடத்துவதுதான், என் பார்வையில், மிகக் கடினமான பகுதி.