பிளஸ் டூ உயிரியலுக்கு டியூஷன் தேவையா?

மகள் பிளஸ் டூ போகிறாள், உயிரியல் மனப்பாடப் பாடம்தானே, அதற்கும் டியூஷன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக வீட்டுத் திண்ணையில் இந்த ஒரு பாடத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். மனப்பாடம் செய்ய வைக்கிற டியூஷன் என்றால் வேண்டவே வேண்டாம்.

போன வருடம் ஒரு மாணவி பூக்கும் தாவரங்களில் நடக்கிற இரட்டைக் கருவுறுதலை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஓர் ஆண் கேமீட் (ஆண் இனச்செல்) அண்டத்தோடு (முட்டைச் செல்லோடு) சேர்ந்தால் கரு, இன்னொன்று அங்கேயே இருக்கும் இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்ந்தால் கருவுக்கு உணவாகும் கருவூண் திசு. சரி, கருவூண் திசுவைப் பார்த்திருக்கிறாயா என்றேன். இல்லை என்றாள். காலையில் அவள் சாப்பிட்டு வந்ததோ தேங்காய்ச் சட்னி! ஒரு முற்றிய தேங்காயை உடைத்து வைத்தேன். பருப்பு, தண்ணீர் இரண்டுமே கருவூண் திசுதான். மூன்று கண்களில் மெத்தென்று இருக்கும் கண்ணுக்கு நேர் உள்ளே, பருப்பை ஊசியால் நோண்டச் சொன்னேன். வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. கரு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இதுல குரோமோசோம் ரெண்டு தொகுதி, பருப்புல மூணு தொகுதியா சார்?" என்று அவளே கேட்டாள். அடுத்த கேள்வி, தள்ளுவண்டியில் விற்கிற தேங்காய்ப்பூ எது என்பது. முளைக்கும்போது உள்ளே வளர்ந்து பருப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் வித்திலை (கருவின் முதல் இலை) அது. அன்றைக்கு ஒரு மணி நேரமும் இதிலேயே போனது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை.

மதிப்பெண் கணக்கும் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் எழுத்துத் தேர்வு 70. தாவரவியல் 35, விலங்கியல் 35. தாவரவியல் படித்த ஆசிரியர் விலங்கியலை மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் போவதும், விலங்கியல் படித்தவர் மறுபக்கத்தை அப்படிச் செய்வதும் உண்டு. சேர்க்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். நீட்டில் 720க்கு 360 உயிரியலுக்கே. அங்கே ஒரே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள். ஒப்பித்த பிள்ளை அங்கேதான் தடுமாறும்.

ஆசிரியர் மட்டுமே பேசுகிற வகுப்பில் சேர்க்காதீர்கள். திருத்திய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்; வெறும் மதிப்பெண் மட்டும் போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். விடியற்காலை நாலரை மணி வகுப்பும் வேண்டாம். தூக்கமில்லாத பிள்ளைக்கு எதுவும் ஏறாது. வாரம் இரண்டு நாள் போதும்.

அதற்கு முன், இன்று ராத்திரியே ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பிளஸ் ஒன்னில் படித்த இதயத்தைப் புத்தகம் பார்க்காமல் வரைந்து, ரத்தம் எந்த அறையிலிருந்து எங்கே போகிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். தடங்கலில்லாமல் சொல்லிவிட்டால் டியூஷன் காசை மிச்சம் பிடியுங்கள்.