இத்தாலியச் சமையலில் காரமே கிடையாதா? பண்டிகை விருந்துக்கு என்ன செய்யலாம்?

வட இத்தாலியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தெற்கே கலாப்ரியாவில் மிளகாய் இல்லாத சமையலறை அபூர்வம். அங்குள்ள ஸ்பிலிங்கா ஊரின் 'ந்துயா' செக்கச்செவேலென்ற பன்றித் தொத்திறைச்சி. ரொட்டியில் வெண்ணெய் மாதிரி தடவலாம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு என் முதல் தேர்வு அதுதான். கொதிக்கும் தக்காளிச் சாஸில் ஒரு கரண்டி போடுங்கள்; கரைந்து, சிவப்பு எண்ணெய் மேலே மிதக்கும். பாஸ்தாவுக்கு வேறு காரம் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு இறைச்சி தவிர்த்து மீன் சாப்பிடுவது அங்கே வழக்கம். உப்பிட்ட காட் மீன் கருவாட்டை இரண்டு நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, தக்காளி, ஆலிவ், மிளகாயோடு வேகவைப்பார்கள். அவசரப்பட்டால் வாயில் உப்புதான்!

சரி, சைவம் என்றால்? பென்னே அர்ராபியாத்தா. பென்னே என்பது குழாய் வடிவப் பாஸ்தா. ரோம் பக்கத்து உணவு, 'அர்ராபியாத்தா' என்ற பெயருக்குப் பொருளே 'கோபம் கொண்ட'. எண்ணெயில் பூண்டு, வரமிளகாய், அப்புறம் தக்காளி. பூண்டு மட்டும் கருகக் கூடாது.