வீட்டுத் தோட்டம்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஊரிலிருந்து வந்த கொடி அவரை விதையைச் செப்டம்பரில் ஊன்றினேன். பந்தல் கொள்ளாமல் படர்ந்து கிடக்கிறது. ஜனவரி ஆகியும் ஒரு பூ இல்லை. உரம் போதவில்லையா? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உரத்தை இன்றே நிறுத்துங்கள். தழைச்சத்து கூடக்கூட இலைதான் பெருகும். பழைய கொடி அவரை வகைகள் பகல் பொழுது குறையத் தொடங்கிய பிறகே பூக்கும். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை, பகல் சுருங்கிய பின் பூத்து மார்கழி, தையில் காய்த்துத் தள்ளுவது இதனால்தான். பூமியின் தென்பாதியில் உள்ள டர்பனில் ஆடி என்பது நடுக்குளிர்காலம், மழையும் குறைவு. அந்த ஆடிக்கு ஈடான மாதம் இங்கே தை. பொங்கல் முடிந்ததும் ஊன்றினால் மார்ச் வரை மழையில் வளர்ந்து, அதன்பின் ஈரம் குறைந்த நாட்களில் பூக்கும். பூஞ்சணத் தொல்லையும் குறைவு. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி இந்தக் கரையில் செல்லாது.

இருக்கும் கொடியைப் பிடுங்க வேண்டாம். நுனிகளைப் பந்தல் மட்டத்துக்குக் கிள்ளிவிடுங்கள். பகல் குறைந்ததும் பூக்கும். அடுத்த முறை குழிக்குக் குழி ஒன்றரை மீட்டர் விட்டு, குழிக்கு மூன்று விதை, இரண்டரை செ.மீ. ஆழத்தில் போடுங்கள். முளைத்ததும் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள். பூங்கொத்தில் கறுப்பு அசுவினி மொய்த்தால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு கலந்து, வெயில் தாழ்ந்தபின் பூச்சியின் மேல் நேராகப் படும்படி தெளியுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா வாசகர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கொடி பூக்கும் நேரத்தில் உறைபனி வந்து கருக்கிவிடும். பகல் நீளத்தைப் பார்க்காத குத்து அவரையை அக்டோபர் நடுவில் போடுங்கள்.

கேள்வி: பாகற்காய் விரல் அளவிலேயே மஞ்சளாகி அழுகுகிறது. பழ ஈப் பொறி வாங்கி மாட்டியும் பயனில்லை. – வாசகர், டொங்காட்

பதில்: முதலில் ஒரு காயைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இல்லாமல் வெறுமனே வாடியிருந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காய் உள்ள பெண் பூவின் நடுவே தடவுங்கள். வெயில் ஏறிய பிறகு செய்தால் பலன் குறைவு.

வெள்ளைப் புழு நெளிந்தால் ஈயின் வேலை. கடைப் பொறிகளில் பல ‘மெத்தில் யூஜினால்’ என்ற வாசனைப் பொருள் வைத்தவை. அது மாம்பழ ஈயின் ஆணை இழுக்கும். பூசணிக் குடும்பத்தைத் துளைக்கும் பூசணி ஈ அதற்கு மசியாது. உங்கள் பொறி நிறைய ஈ விழுந்தும் பாகல் அழுகுவது இப்படித்தான்.

நம்பத் தகுந்த வழி உறை போடுவதுதான். பூ வாடிய இரண்டு மூன்று நாளில், காய் சுண்டுவிரல் அளவாக இருக்கும்போதே போட வேண்டும். ஈ முட்டையிட்ட பின் போட்டால் புழுவுக்குத்தான் பாதுகாப்பு. செய்தித்தாளை இரண்டு மடிப்பாக்கி, 30 செ.மீ. நீளத்துக்குப் பை தைத்து, காம்பில் தளர்வாகக் கட்டி, அடி மூலையில் நீர் வடியச் சிறு துளை விடுங்கள். அடைமழையில் தாள் கிழியும். அப்போது நெருக்கமான வலைத்துணிப் பை நல்லது. ஆனால் துணி காயை ஒட்டிக் கிடந்தால் ஈ அதன் வழியாகவே குத்திவிடும். பை தொளதொளவென்று இருக்கட்டும்.

விழுந்த காயைத் தினமும் பொறுக்குங்கள். புழு அதிலிருந்து இறங்கி மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். எருக்குழியில் போடாதீர்கள், அதன் சூடு போதாது. கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

கேள்வி: தொட்டியில் உள்ள கறிவேப்பிலை ஜூன் மாதம் மஞ்சளாகி உதிர்ந்தது. தினமும் தண்ணீர் விட்டும் தேறவில்லை. – வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தினமும் விட்டதுதான் கேடு. குளிரில் செடி உறங்குகிறது. வேர் குடிக்காத நீர் தேங்கி அழுகலைத் தரும். விரலை மண்ணில் விட்டு, ஐந்து செ.மீ. வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரமும் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, துளிர் தெரிந்ததும் மக்கிய எரு இரண்டு கைப்பிடி போடுங்கள். பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை கூடும்.

கோடையில் புதுத் துளிர் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் வந்தால் அது வேறு நோவு: இரும்புச் சத்துக் குறை. முட்டை ஓடும் சுண்ணாம்பும் போடுகிறவர்கள் தொட்டியில் அடிக்கடி காணலாம்.

கேள்வி: தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிகிறது. – வாசகர், மெரிபேங்க்

பதில்: பூச்சியும் அல்ல, தொற்றும் அல்ல. காய்க்குச் சுண்ணச்சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும். ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் வெள்ளமாகும் நீர்ப்பாய்ச்சலால் வேர் அதை ஏற்ற முடிவதில்லை. உங்கள் மண் நீர் தங்காத மணல் என்றால் ஐந்து செ.மீ. கனத்துக்கு உலர்புல் மூடாக்குப் போட்டு, ஒரே சீராக ஊற்றுங்கள். இப்போது முட்டை ஓடு போட்டால் இந்தப் பருவத்துக்கு எட்டாது. உறைபனி இல்லாத கடற்கரையில் மார்ச்சில் நாற்று நட்டுக் குளிர்காலத்தில் பறிப்பதே எளிது. கோடைமழையின் கருகல் நோயும் குறையும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சட்னிக்கு எடுத்துக்கொள்ளலாம்.